பானையில் போட்ட வேர்

பாப்பா,

இதை நீ தனியாக இருக்கும்போது படி. போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நம் வீட்டில் போன் பேசும் லட்சணம் உனக்குத் தெரியாதா? நான் ஹலோ சொல்லி முடிப்பதற்குள் உன் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிடுவாள். அதற்குப் பிறகு நான் எழுந்து வெளியே போய்விட்டாலும் யாரும் தேட மாட்டார்கள். அதனால்தான் பேனாவைத் தேடி எடுத்தேன். டிரிப் ஷீட்டில் வண்டி நம்பர் எழுதி எழுதிக் கெட்டுப்போன கையெழுத்து. நிறுத்தி நிதானமாகப் படித்துக்கொள்.

ஆவணிக் கடைசியில் உனக்கு வளைகாப்பு. வளையல் போட்ட கையோடு கோயமுத்தூரிலிருந்து உன்னை இங்கே அழைத்து வருவது, கார்த்திகையில் பிரசவம், குழந்தைக்கு ஐந்து மாதம் ஆகும்வரை தாய்வீட்டிலேயே இருப்பது என்று எல்லாம் பேசி முடித்தாகிவிட்டது. நடு ரூமுக்கு வெள்ளை அடித்துவிட்டேன். தூளி கட்டுவதற்குத் தளத்தில் கொக்கி மாட்டி, நானே அதில் தொங்கிப் பார்த்துவிட்டேன். என்னைத் தாங்குகிற கொக்கி உன் பிள்ளையைத் தாங்காதா என்ன. நீயும் மறுபேச்சு பேசாமல் "வரேன் நைனா" என்றாய். அந்த ஒரு வார்த்தைதான் பத்து நாளாக என் தொண்டையில் மீன் முள் மாதிரி நிற்கிறது. இந்த வீட்டு மண்ணில் உன் குழந்தை தவழலாமா, கூடாதா? கேள்வி இவ்வளவுதான். உனக்குப் பதில் தெரியும், எனக்கும் இப்போது தெரியும். ஆனால் இரண்டு பேரும் தெரியாதது போல நடித்துக்கொண்டிருக்கிறோம். என் தப்புகளில் பாதி உனக்குத் தெரிந்தது. தெரியாத மீதியையும் சொல்லிவிட்டால்தான் நான் சொல்ல வந்த பதிலுக்கு ஒரு மரியாதை இருக்கும்.

நம் வீடு பள்ளத்தில் இருப்பது நீ பிறப்பதற்கு முன்பிருந்தே உள்ள பிரச்சினை. ஐப்பசி மழை பிடித்தால் பின்பக்கம் நிற்கும் தண்ணீர் படியேறி உள்ளே வந்துவிடும். உன் அம்மா அடுப்பைக் கட்டில் மேல் வைத்துச் சமைத்த நாளெல்லாம் உண்டு. அப்போது நான் டிப்பர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். அனல்மின் நிலையத்துச் சாம்பலைச் சாம்பல் குளத்தில் ஏற்றிக்கொண்டு போய்ச் செங்கல் சூளையில் இறக்குவது வேலை. கூட ஓட்டின ஒருத்தன்தான் சொன்னான், "இன்னாத்துக்கு மாமு தண்ணில கெடந்து சாவுற? நாலு லோடு கொட்டு, மேடாயிடும்" என்று. எனக்கும் சரியாகப் பட்டது. மேஸ்திரியிடம் கேட்டுக்கொண்டு நான்கு லோடு கொட்டினேன். தெருவில் என்னைப் பார்த்து இன்னும் இரண்டு வீட்டுக்காரர்கள் கேட்டார்கள். அவர்களுக்கும் கொட்டினேன். அந்த மழைக்கு நம் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. நான் பெரிய சாமர்த்தியசாலி என்று தெருவே சொன்னது, நானும் அதை நம்பினேன்.

சாம்பல் என்றால் நமக்கு அழுக்கு இல்லை பாப்பா. அதில்தான் நான் ஏமாந்தேன். உன் அம்மா சாம்பல் போட்டுத்தான் பாத்திரம் தேய்ப்பாள். கையில் நிற்காமல் வழுக்குகிற மீனைச் சாம்பலில் புரட்டிப் பிடித்துத்தான் அறுப்பாள். அவரைக் கொடியில் பூச்சி விழுந்தால் அடுப்புச் சாம்பலை எடுத்துத் தூவுவாள். கோயிலுக்குப் போனால் நெற்றியில் வைப்பதும் சாம்பல்தான். விறகு எரிந்த சாம்பலும் நிலக்கரி எரிந்த சாம்பலும் அண்ணன் தம்பி என்றே நினைத்துக்கொண்டேன். லாரியிலிருந்து ஒரு சிமென்ட் பை நிறைய நல்ல மாவு மாதிரி இருந்ததைத் தனியாக எடுத்து வந்து, "இந்தா, ஒரு வருசத்துக்குச் செடிக்குத் தூவு" என்று உன் அம்மாவிடம் பெருமையாகக் கொடுத்தேன். அந்த மேட்டின் மேல் ஒரு சாண் செம்மண் பரப்பி அவள் முளைக்கீரையும் சிறுகீரையும் போட்டாள். மண் பரப்புவதற்கு முன்னால் ஒரு மாதம் அது வெறும் சாம்பல் மேடாகவே கிடந்தது. நீ அதில் உட்கார்ந்து வீடு கட்டி விளையாடினாய். முழங்கை வரை சாம்பல் நிறமாக ஓடி வருவாய். "எங்க வூட்டுக் குட்டி யானை" என்று தூக்கிக் கொஞ்சியிருக்கிறேன்.

பிறகு நீ தாவரவியல் படித்தாய். கடைசி வருடத்தில் ஒருநாள், காலியான மிளகாய்த்தூள் டப்பாவில் பின்பக்கத்து மண்ணை அள்ளிக்கொண்டு போனாய். டப்பாவைக் காணோம் என்று உன் அம்மா ஒரு வாரம் புலம்பினாள். அதற்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கீரைக் கடையல் தட்டில் விழுந்த நேரம் பார்த்து நீ வாயைத் திறந்தாய்.

"நைனா, நம்ம மண்ணுல ஈயம் கீது. ஆர்சனிக்குன்னு ஒரு விஷமும் கீது. இனிமே இங்க கீரை போட வாணாம். மத்த செடிய விட கீரைதான் அத்த அதிகமா இஸ்து இலைல வச்சிக்கும்."

"நீ இன்னா தின்னு வளந்த? இத்தத் தின்னு தானே வளந்த? உனக்கு இன்னா ஆயிடுச்சி?"

"ஒண்ணும் ஆவலன்னு யாருக்குத் தெரியும் நைனா?"

நீ அதைச் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. "உன்னப் படிக்க வச்சேன் பாரு, என்னிய சொல்லணும்" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனேன். அன்றைக்கு நீ சாப்பிடவில்லை. உன் மேல் வந்த கோபம் இல்லை அது. நான்கு லோடு கொட்டினது நான்தானே. அதை ஒத்துக்கொள்ள முடியாதவனுக்குக் கோபம்தான் கைக்குக் கிடைக்கும். இதை அன்றைக்கே சொல்லியிருந்தால் ஒரு வேளைச் சாப்பாடாவது மிஞ்சியிருக்கும். இப்போதாவது சொல்கிறேன், என்னை மன்னித்துக்கொள்.

இரண்டு வாரம் என்னோடு பேசாமல் இருந்துவிட்டு, ஒரு சனிக்கிழமை நீயாகவே வந்து "நைனா, காலேஜுக்கு வாங்க, ஒண்ணு காட்டறேன்" என்றாய். கல்யாணத்துக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தேன். லேப் வாசலில் செருப்பைக் கழற்றப்போனவனை "இது இன்னா கோயிலா? போட்டுகினே வாங்க" என்று நீ கையைப் பிடித்து இழுத்தாய். மைக்ராஸ்கோப்பில் ஒரு கண்ணை மூடு என்றால் எனக்கு இரண்டு கண்ணும் மூடிக்கொண்டன. நீ சிரித்தாய். உன் சிரிப்பைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. அப்புறம் தெரிந்தது. அருகம்புல்லின் வேர் ஒன்று, கண்ணாடி மாதிரி. அதற்குள்ளேயும் வெளியேயும் மெல்லிசாக நீல நீலமாக நூல். நீ சாயம் போட்டதால்தான் நீலம் என்று சொன்னாய்.

"இந்த நூலுதான் பூஞ்சை. வேர் நுழைய முடியாத சந்துலல்லாம் இது பூந்து போவும். அங்க கீற தண்ணி, சத்து எல்லாத்தையும் எடுத்தாந்து செடிக்குக் குடுக்கும். செடி அதுக்குப் பதிலா சர்க்கரை குடுக்கும்."

"பக்கத்து வூட்டுக்குக் குழம்பு குடுத்துட்டு ரசம் வாங்கிகினு வர மாதிரியா?"

"அத்தே தான்."

"சரி, விஷத்த இன்னா பண்ணும்?"

"டீசல், ஆயில் மாதிரின்னா சில பூஞ்சை அத்த உடைச்சுத் தின்னுடும். ஈயத்த யாராலயும் தின்ன முடியாது நைனா. அது உடையாது. இந்த நூலு அத்தத் தன் மேலயே ஒட்ட வச்சிக்கும். செடிக்குள்ள போறதையும் வேரோட நிறுத்தப் பாக்கும். இலைக்கு ஏறது கொறையும். எல்லாச் செடிக்கும் ஒரே மாதிரி நடக்காது. முளைக்கீரைக்கு இந்த நூலுங்க கூடச் சேர்த்தியே கெடையாது. கடுகுக்கும் அப்டிதான்."

யாரோடும் சேராத செடி என்றதும் எனக்கு உன் பெரிய அத்தை ஞாபகம் வந்தது. சொன்னேன், நீ மேசை மேல் தலையைக் கவிழ்த்துச் சிரித்தாய். அந்தச் சிரிப்பில் நான் ஒரு வார்த்தையைக் கோட்டை விட்டுவிட்டேன். "பிடித்து வைத்துக்கொள்ளும்" என்பது என் மண்டையில் நின்றது. எங்கே பிடித்து வைத்துக்கொள்ளும் என்பது நிற்கவில்லை.

நீ அன்றைக்கே இன்னொன்றும் சொன்னாய். நம்மிடம் கீரை வாங்குகிறவர்களிடமும், நான் சாம்பல் கொட்டிக் கொடுத்த இரண்டு வீட்டிலும் விஷயத்தைச் சொல்லிவிடும்படி. "சொல்றேன்" என்றேன். சொல்லவில்லை. இதுதான் உனக்குத் தெரியாத பாதி. கீரையைப் பிடுங்கிப் போட உன் அம்மாவுக்கு மனசு வரவில்லை, சமைக்கவும் பயம். பாத்தி அப்படியே நின்றது. எதிர் வீட்டில் மீன் கூடை வைத்திருக்கும் தேசம்மா, கத்திவாக்கத்துக்காரி, "இன்னாண்ணே, கீரை முத்திப் போவுது, குடுக்க மாட்டியா?" என்று கேட்டாள். மருமகள் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அவளுக்குக் கீரை என்றால் உயிர் என்றாள். நான் ஒரு கட்டு அறுத்துக் கொடுத்தேன். பிறகு இன்னொரு கட்டு. அந்தப் பாத்தி தீரும்வரை கொடுத்தேன். சாமர்த்தியசாலி என்று சொன்ன தெருவிடம் போய் நான் ஒரு முட்டாள் என்று சொல்ல வாய் வரவில்லை. நம் வீட்டுக்கு ஆகாது என்று தெரிந்த கீரையை அடுத்த வீட்டுக்குக் கொடுத்த கை இது. இந்தக் கையால்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

உன் கல்யாணத்துக்கு முந்தின ஆடியில், விஷத்தை அங்கேயே பிடித்து வைக்க என்று நீ ஒரு பை நிறைய வெட்டிவேர் நாற்றும், ஒரு கவரில் மண்ணும் கொண்டு வந்தாய். அந்தப் பூஞ்சையைச் சோளச் செடியின் வேரில் வளர்த்து, வேரோடு நறுக்கிக் கலந்த மண். ஒவ்வொரு குழியிலும் அதில் ஒரு பிடி போட்டு மேலே நாற்றை வைக்கச் சொன்னாய். நீ முட்டி போட்டு வைத்துக்கொண்டே போனாய், நான் பின்னால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வந்தேன். கோயமுத்தூருக்குப் போகும்போது அழுதவள், ரயில் ஜன்னலில் முகத்தைத் துடைத்துக்கொண்டு "செடிக்குத் தண்ணி ஊத்துங்க நைனா" என்றாய். ஊற்றினேன். மூன்று வருடமாகக் குளிக்கிற தண்ணீரைப் பிடித்து ஊற்றினேன். "பூவும் இல்ல, காயும் இல்ல. இன்னாத்துக்குண்ணே இந்தப் புல்லுக்கு மாரடிக்கிற?" என்று தேசம்மா கேட்பாள். தின்ன முடியாத செடிக்கு இவ்வளவு பாடுபடுவேன் என்று நானும் நினைத்ததில்லை. புல் ஆள் உயரம் வளர்ந்தது. காற்றடித்தால் துணிக்கொடியில் வந்து படியும் சாம்பல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. நீ இல்லாத வீட்டில் பேசுவதற்கு எனக்கு அந்தப் புல்தான் இருந்தது.

சித்திரையில் நீங்கள் இரண்டு பேரும் வந்தீர்கள். நல்ல சேதி சொல்லத்தான் வருகிறீர்கள் என்று உன் அம்மா முந்தின நாளே கண்டுபிடித்துவிட்டாள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. உனக்கு என்ன செய்வது, என்ன கொடுப்பது என்று பின்பக்கம் போய் நின்றபோது அந்தப் புல்தான் கண்ணில் பட்டது. ஒரு தூரைத் தோண்டி எடுத்தேன். என்ன வாசனை. ஏழு தண்ணீர் ஊற்றி அலசி, நிழலில் உலர்த்தி, சின்ன முடியாகக் கட்டி, புதுப் பானைத் தண்ணீரில் போட்டேன். கோடைக்கு நம் பக்கத்தில் எந்த வீட்டுப் பானையில்தான் வெட்டிவேர் இல்லை? நீ உள்ளே வந்து செருப்பை விட்டதும் முதலில் தண்ணீர் கேட்டாய். நானே மொண்டு கொடுத்தேன். ஒரே மடக்கில் குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டாய். அதை வாயில் வைக்கப் போகும்போதுதான் கேட்டாய்.

"செம மணமா கீது நைனா. வேர் எங்க வாங்கனீங்க?"

"வாங்கறதா? நம்ம பின்னாடி நோண்டனது. நீ வச்ச செடிதான்."

உன் கை அப்படியே நின்றது. டம்ளரைப் பார்த்தாய். பிறகு என் முகத்தைப் பார்த்தாய். நான் பல்லெல்லாம் தெரிய நின்றிருப்பேன். "நல்லா கீது நைனா" என்று சொல்லி டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தாய். சந்தோஷத்திலேயே உனக்குத் தாகம் அடங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். மத்தியானம் நான் தூங்கி எழுந்தபோது பானை கவிழ்ந்திருந்தது. "பாப்பாதான் கழுவி வச்சிது. அந்த வேர்கூட ஒரு கவர்ல கட்டிப் பைல வச்சிகினுது" என்றாள் உன் அம்மா. உனக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று என்று நாங்கள் இரண்டு பேரும் பேசிப் பேசிப் பூரித்தோம். அந்தப் பூரிப்பில் நான் இன்னும் மூன்று தூரைத் தோண்டினேன். குழந்தையைக் குளிப்பாட்டும் எண்ணெயில் போட, குளிக்கும் தண்ணீரில் போட, வெயில் வந்தால் குடிக்கும் தண்ணீரில் போட என்று மூன்று கட்டு. சிவப்பு நூல் சுற்றி, வளைகாப்புத் தட்டில் வைக்க எடுத்து வைத்தேன்.

பத்து நாளைக்கு முன்னால், அடுத்த தூரை எப்போது தோண்டினால் செடி கெடாது என்று பார்க்க, பரணில் இருந்த உன் பழைய நோட்டை இறக்கினேன். பாதி இங்கிலீஷ், பாதி தமிழ். பக்கம் பக்கமாகத் தள்ளிக்கொண்டு வந்தேன். ஒரு பக்கத்தின் அடியில் உன் கொட்டை எழுத்து. "வெட்டிவேர்: இலையில் மிகக் குறைவு. வேரில் மிக அதிகம். வேரைத் தோண்டவே கூடாது." இரண்டு கோடு வேறு போட்டிருந்தாய். அதற்குக் கீழே, "நைனாகிட்ட மறக்காம சொல்லணும்." அதற்குப் பக்கத்தில் டிக். அந்த டிக்கைத்தான் பாப்பா வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லியிருக்கிறாய். நான் காதில் வாங்கவில்லை. ஊரெல்லாம் பானையில் போடுகிற வேர், அதில் என்ன கெடுதல் என்று என் புத்தி அதைத் தள்ளிவிட்டிருக்கிறது. சாம்பலில் ஏமாந்த அதே புத்திதான்.

தெருமுனை டீக்கடைக்குப் போய் அங்கிருந்து மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். "அன்னிக்கு அவ ஒரு டம்ளர் குடிச்சாளே, இன்னா ஆச்சு? மறைக்காம சொல்லுங்க" என்றேன். அவர் முதலில் ஒன்றுமில்லை என்று மழுப்பினார். பிறகு சொன்னார். "ஊருக்கு வந்த மறுநாளே டாக்டர்கிட்டப் போய் ரத்தம் எடுத்துப் பார்த்தோமுங்க மாமா. பயப்படற மாதிரி ஒண்ணும் இல்லீங்க. ஸ்கேனும் நல்லா இருக்குதுங்க. உங்ககிட்டச் சொல்லவே கூடாதுன்னு என்கிட்டச் சத்தியம் வாங்கிட்டாங்க. தெரிஞ்சா நைனா அப்புறம் பச்சைத் தண்ணிகூடக் குடிக்க மாட்டாருன்னு சொன்னாங்க." டீக்கடை வாசலில் நின்று அழுதேன். கடைக்காரர் வீட்டில் ஏதோ துக்கம் என்று நினைத்துத் தோளைத் தட்டினார். பயந்துபோய் ரத்தம் கொடுத்துவிட்டு, அந்தப் பயத்தை என் வரைக்கும் வராமல் உனக்குள்ளேயே நிறுத்தி வைத்திருக்கிறாய். பெற்றவன் செய்ய வேண்டிய வேலையை நீ செய்திருக்கிறாய்.

வீட்டுக்கு வந்து முதல் காரியமாக மூன்று கட்டையும் பிரித்தேன். எரிக்கலாமா என்று யோசித்தேன், எரித்தால் அது மறுபடியும் சாம்பல்தானே என்று புத்தி வந்தது. கவரில் கட்டி மூடி, உனக்காக எடுத்து வைத்திருக்கிறேன். என்ன செய்ய வேண்டும் என்று நீ சொல். பிறகு ஒரு தகரத்தில் பெயின்ட்டால் "விஷ மண். வேரைத் தோண்டாதீர்கள்" என்று எழுதி வேலியில் கட்டினேன். கட்டிவிட்டு, சாம்பல் கொட்டின இரண்டு வீட்டுக்கும் போனேன். ஒருத்தர் திட்டினார், வாங்கிக்கொண்டேன். இன்னொருத்தர், "தெரியும்பா, தெரிஞ்சி இன்னா பண்றது" என்றார். அது திட்டை விடக் கஷ்டமாக இருந்தது. கடைசியாகத் தேசம்மா வீடு. கீரை விஷயத்தையும் சேர்த்துச் சொன்னேன். அவள் மீன் அறுக்கிற கையை நிறுத்தவில்லை. முழு மீனையும் அறுத்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"ஆத்துல வலை போட்டா சாம்பல் வருது, எண்ணெய் வருது. அது யார் போட்டதுன்னு எனக்குத் தெரியாது. நீ எதிர் வூட்டுல கீறவன்ண்ணே. நீ சொல்லிருக்கணும்."

சொல்லிவிட்டு அடுத்த மீனை எடுத்துக்கொண்டாள். அந்த மருமகளுக்குப் பிறந்த பேரன் நன்றாகத்தான் ஓடி விளையாடுகிறான். ஆனால் நீ அன்றைக்குக் கேட்ட கேள்வி எனக்கு மறக்குமா? ஒன்றும் ஆகவில்லை என்று யாருக்குத் தெரியும். நான்கு நாள் தேசம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் வேலிக்கு வெளியே நின்று, தகரத்தில் இருப்பதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "எங்க வூட்டுப் பின்னாடியும் காத்துல சாம்பல் வந்து படியுது, ரெண்டு நாத்து வைக்கலாமாண்ணே? நான் தோண்ட மாட்டேன்" என்றாள். ஓரத்தில் நின்ற இரண்டு நாற்றைப் பிரித்து, வேரை ஒட்ட நறுக்கி, மண்ணை அலசிவிட்டு வைத்துக் கொடுத்தேன். நீ கொண்டு வந்த அந்தப் பூஞ்சை மண் இப்போது என்னிடம் இல்லை. நம் தூரின் அடியிலிருந்து எடுத்துப் போட்டால் விஷமும் சேர்ந்து போகும் என்பதால் போடவில்லை. பார், இந்தத் தடவை யோசித்தேன்.

உன் அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். முதலில் என்னைத் திட்டினாள், பிறகு தன்னைத் திட்டிக்கொண்டாள், பிறகு "ஊர்ல எவனும் தலைப்பிரசவத்துக்குப் பொண்ண வராதேன்னு சொல்லிருக்க மாட்டான்" என்று முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். ஆமாம் பாப்பா. அதைத்தான் சொல்லப் போகிறேன். நீ வராதே. இந்த மண் மேல் நீ வைத்த புல் நிற்கிறது, அது தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. அது ஒரு வருடத்தில் இரண்டு வருடத்தில் முடிகிற வேலை இல்லை என்று நீதான் எழுதி வைத்திருக்கிறாய். தவழ்கிற குழந்தை அதுவரை காத்திருக்காது. கண்டதை எடுத்து வாயில் போடும். நீ எங்கள் முகத்துக்காக வருகிறேன் என்றாய். என் முகத்தைக் காப்பாற்றியது போதும். இனிமேல் எனக்கு வலிக்கும் என்று எதையும் மூடி வைக்காதே. எனக்கு ஒரு தடவை சொன்னால் போதாது, இரண்டு தடவை சொல். உன் பிள்ளைக்கும் அப்படித்தான், தெரிந்ததைச் சொல்லி வளர்த்துவிடு. ஆனால் மண்ணைக் கண்டாலே கையைத் தட்டிவிடும் தாயாக இருந்துவிடாதே. அங்கே நீ சோதித்துப் பார்த்த நல்ல மண் நாலு கூடை இருந்தால், அதில் போட்டு உருளவிடு. நீ அந்த மேட்டில் உட்கார்ந்து கட்டின வீடு எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா.

நாங்கள் வருகிறோம். வளைகாப்புக்கு வந்து, அப்படியே தங்கிவிடுகிறோம். ஊர் என்ன சொன்னாலும் சொல்லட்டும், பதில் சொல்ல நான் இருக்கிறேன். புல்லுக்குத் தேசம்மா தண்ணீர் ஊற்றுவாள், வேரைத் தொட மாட்டாள். உன் அம்மா ஒரு நாள் முழுக்கப் பாத்திரங்களைப் போட்டு உருட்டிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் அடுக்களையிலிருந்து குரல் வந்தது. "கோயமுத்தூர்ல பால் சுறா கெடைக்குமா?" அவ்வளவுதான், அவள் கிளம்பிவிட்டாள். பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப் புட்டு செய்யாமல் அவள் விடமாட்டாள். சுறாவுக்குள் என்ன விஷம் இருக்கிறது என்று நீ ஒரு கணக்கு வைத்திருப்பாய். அதை மட்டும் நீயே அவளிடம் சொல்லிக்கொள், எனக்குத் தைரியம் இல்லை.

கொக்கியைக் கழற்றி எடுத்து வருகிறேன். உங்கள் வீட்டுத் தளத்தில் மாட்டித் தொங்கிப் பார்த்துவிட்டுத்தான் தூளி கட்ட விடுவேன். அங்கேயே ஒரு மண்பானை வாங்குகிறேன். தினமும் காலையில் நானே கழுவி, நானே தண்ணீர் நிரப்பி, தட்டு போட்டு மூடி வைக்கிறேன். அதில் ஒன்றும் போட மாட்டேன். முதல் டம்ளரை நான் குடித்துவிட்டு உனக்கு மொண்டு தருகிறேன். மணமே இருக்காது பாப்பா. பயப்படாமல் குடி.

உன் நைனா